மலைநீரும் மரத்தவளையும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவின் மேற்கெல்லையில் நிற்கும் கல்வராயன் மலையைப் பற்றி நமது பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே ரகமானவை. சாராய ஊறல் அழிக்கப்பட்டது, அடுப்பு உடைக்கப்பட்டது, இத்தனை பேர் கைதானார்கள் என்பதற்குமேல் அம்மலைக்குச் சரித்திரமே இல்லை என்று வாசகர்கள் எண்ணும்படி நேர்ந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட கொடுமைக்குப் பிறகுதான் சென்னை ஹைக்கோர்ட்டு மலைவாசிகளின் வாழ்க்கை நிலைமையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்விசாரணை வேண்டியதே. ஆயினும் அம்மலையைக் குறித்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. மலையின் நீர்வளத்தைக் காப்பது யார் என்பதே அது.

கோமுகி நதி கல்வராயனில் பிறக்கிறது. மணிமுக்தாவும் அங்கேயே பிறக்கிறது. இரண்டும் வெள்ளாற்றோடு சேர்ந்து கடலை அடைவதற்கு முன் எத்தனையோ ஏரிகளையும் வயல்களையும் நனைக்கின்றன. கச்சிராயபாளையத்தருகே கோமுகியை அணைகட்டித் தேக்கியிருக்கிறார்கள். அதே ஊர்ப்பக்கத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. கழனியில் நெல்லும் கரும்பும் விளைவது குடியானவனின் உழைப்பால் என்பது மெய்யே. ஆனால் அவ்வுழைப்பு பலிப்பதற்கு மலைமேல் காடு இருக்கவேண்டும். காட்டில் ஈரம் இருக்கவேண்டும். அந்த ஈரம் இருக்கிறதா, குறைந்துவருகிறதா என்பதை அறிய நம்மிடம் ஒரு சாட்சி உண்டு. அந்தச் சாட்சியின் வாக்குமூலத்தை இதுவரையில் எவரும் பதிவுசெய்ததில்லை. நாம் குறிப்பிடுவது மலைக்காட்டு மரத்தவளையை.

தவளை கத்தினால் மழை என்பது நமது கிராமத்தார் கண்ட அநுபவம். தவளைக்கு மழைவருவது தெரிவதற்கு மந்திரம் ஒன்றும் காரணமல்ல. அதன் தோலே காரணம். நம்மைப்போல் அது நீரை வாயால் பருகுவதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பகுதி தோலின் வழியாகவே நடைபெறுகிறது. ஆகவே காற்று உலர்ந்தாலும், நீரில் விஷம் கலந்தாலும், எல்லா ஜந்துக்களுக்கும் முன்னதாகத் துன்பப்படுவது அதுவே. மரத்தவளைகளின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அவற்றுள் சில இனங்கள் நீர்மேல் கவிந்த இலையில் நுரைக்கூடு கட்டி அதில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பொரிந்ததும் கீழேயுள்ள குட்டையில் விழுந்து தலைப்பிரட்டைகளாக வளர்கின்றன. மேலே நிழல் போனால் கூடு உலர்ந்துவிடும். கீழே குட்டை போனால் குஞ்சு தரையில் விழுந்து மடியும். வேறு சில சிறு இனங்களுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, சிறு தவளையாகவே வெளிவரும். அவற்றிற்குக் குட்டைகூட வேண்டியதில்லை. ஆனால் இடைவிடாத பனியும் ஈரச் சருகும் இன்றியமையாதவை. மரம், ஈரக்காற்று, மாசற்ற நீர் ஆகிய இம்மூன்றும் ஒருசேர உள்ள இடத்தில்தான் மலைக்காட்டு மரத்தவளை வாழும். இம்மூன்றும் உள்ள இடமே நதிகளின் பிறப்பிடமும் ஆகும்.

இது வெறும் ஊகமல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. வால்பாறையை அடுத்த ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்து ஒரு பறக்கும் தவளையை 2000-ஆம் ஆண்டில் கார்த்திகேயன் வாசுதேவன், சுசீல் குமார் தத்தா என்ற இரு விஞ்ஞானிகள் புதிய இனமென்று உலகுக்கு அறிவித்தார்கள். அதுவே ஆனைமலைப் பறக்கும் தவளை. பசுமையான மேனி; விரல்களுக்கிடையே அகன்ற சவ்வு; அச்சவ்வை விரித்து மரத்துக்கு மரம் தாவிச் சறுக்கும் திறமை. நான்கே ஆண்டுகளில், அதாவது 2004-இல், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச சங்கம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் வரிசையில் சேர்த்தது. காரணம் யாது? வால்பாறை மேட்டுநிலத்தின் காடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் வெட்டப்பட்டு, எஞ்சியவை தோட்டங்களுக்கிடையே தீவுகள்போல் நிற்கும் சிறு சோலைகளே. அத்துண்டுச் சோலைகளில்தான் இத்தவளை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயர் சூட்டிய கையோடு ஆபத்து அறிவிப்பும் எழுதவேண்டி வந்ததென்றால், நாம் கண்விழித்தது எவ்வளவு காலந்தாழ்ந்து என்பது விளங்கும்.

திருநெல்வேலிச் சீமையின் களக்காடு முண்டந்துறைக் காட்டிலிருந்து கிடைத்த இன்னொரு செய்தி நம்பிக்கையூட்டுவது. 1876-ஆம் ஆண்டில் குந்தர் என்ற பண்டிதர் திருவாங்கூரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரித்த ஒரு சிறு புதர்த்தவளை, அதன்பின் ஒரு நூற்றாண்டுக்குமேல் எவர் கண்ணிலும் படாமல், அழிந்தேபோயிற்று என்று எண்ணப்பட்டது. 2011-இல் அது மறுபடியும் காணப்பட்டதாக அறிவிப்பு வெளிவந்தது. பிறகு நடந்த ஆராய்ச்சியில் அதன் விநோதமான குடித்தனமும் வெளிப்பட்டது. மூங்கிலினத்துச் செடியின் கணுக்களுக்கிடையே உள்ள சிறு வெடிப்பின் வழியாக உள்ளே புகுந்து முட்டையிடுகிறது. ஆண் தவளை அவ்விருட்டறையிலேயே தங்கி முட்டைகளைக் காக்கிறது. அச்செடியை அளவின்றி வெட்டினால் ஒரு வம்சத்தின் வீடே இடிந்துபோகும். மூங்கிலை வெறும் சரக்காகக் கணக்கிட்ட எந்தக் காட்டிலாகாக் குத்தகைப் பத்திரத்திலும் இத்தகைய குடியிருப்பைப் பற்றிக் குறிப்பிருக்க நியாயமில்லை.

தவளை திரும்பிவந்த கதைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதனை அறிய இலங்கைக்குச் செல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத் துரைமார்கள் கண்டி மலைகளின் காட்டை வெட்டிக் காப்பி பயிரிட்டார்கள். வெட்டியதும் நட்டதும் நமது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய ஏழைக் கூலிகளின் கைகள். லாபம் போய்ச் சேர்ந்தது லண்டனுக்கு. காப்பி இலைநோயால் அழிந்ததும் தேயிலை வந்தது. தீவின் ஈரமண்டலத்துக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்களவே என்கிறார்கள். அம்மலைகளில் வாழ்ந்த புதர்த்தவளை இனங்களுள் ஏறக்குறைய இருபது அடியோடு ஒழிந்துவிட்டன. கண்ணாடிக் குப்பிகளில் ஊறவைக்கப்பட்ட பழைய மாதிரிகளே அவற்றின் நினைவுச் சின்னங்கள். காட்டை இழந்தது இலங்கை. ஊரை இழந்தது கூலி. இயற்கையைச் சூறையாடும் முறையும் மனிதனைச் சுரண்டும் முறையும் வெவ்வேறல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

உலக நிலைமையோ இன்னும் கவலைக்கிடமானது. 2023-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியான சர்வதேச மதிப்பீட்டின்படி, ஆராயப்பட்ட 8,011 நீர்நிலவாழ் இனங்களில் நூற்றுக்கு நாற்பத்தொன்று அழியும் அபாயத்தில் இருக்கின்றன. பறவையினத்திலும் பாலூட்டிகளிலும் இத்தனை பங்கு அபாயத்தில் இல்லை. 2004-க்குப் பின் நிலைமை மோசமடைந்த இனங்களுள் நூற்றுக்கு முப்பத்தொன்பதற்குப் பருவநிலை மாறுதலே முக்கிய காரணம் என்று அவ்வறிக்கை கூறுகிறது. இதனோடு தவளைத் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சாள நோய் கண்டம் விட்டுக் கண்டம் பரவி, 501 இனங்களைக் குறைத்து, 90 இனங்களை அழித்திருக்கலாம் என்று 2019-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். நோய்க்கு நாம் உடனே மருந்து செய்ய முடியாமலிருக்கலாம். ஆனால் காட்டை வெட்டுவதும் நீரைக் கெடுப்பதும் நமது கையில் இருக்கும் காரியங்கள்.

நிற்க, கல்வராயனுக்கு வருவோம். மேற்குத்தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாய் நீங்கலாகப் பெரும்பாலும் ஒரே மதிலாக நிற்பது. கிழக்கு மலைகள் அவ்வாறல்ல. சவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று தனித்தனிக் குன்றுக்கூட்டங்களாக, இடையே வெப்பமான சமவெளி சூழ, கடலில் தீவுகள்போல் நிற்கின்றன. கல்வராயனில் அடிவாரத்தில் முட்புதர். அதற்குமேல் இலையுதிர் காடு. உச்சி மேடுகளின் மடிப்புகளில் மட்டும் சிறு சோலைகள். குளிர்ந்த சோலையை நம்பிய ஜந்து சூடு ஏறும்போது மேலே போகவேண்டும். சுமார் நாலாயிரம் அடி உயரத்துக்குமேல் அதற்குப் போக்கிடமில்லை. பக்கத்து மலைக்குப் போவதற்கோ நடுவில் காயும் சமவெளி. இத்தகைய தனிமையில் ஒவ்வொரு மலையும் தனக்கென்று சில இனங்களை வளர்த்துவைத்திருப்பது இயற்கையே. 2000-ஆம் ஆண்டில் ஏற்காட்டிலிருந்து ஒரு பல்லியினமும், 2019-இல் கொல்லிமலையிலிருந்து ஒரு பல்லியினமும் உலகில் வேறெங்கும் அறியப்படாதவையென்று விவரிக்கப்பட்டன. கலெக்டர் காக்பர்ன் காலத்திலிருந்து இருநூறு வருஷமாகக் காப்பித் தோட்டம் நடந்துவரும் ஏற்காட்டிலேயே இருபதாம் நூற்றாண்டின் முடிவில் புதிய இனம் கிடைக்குமானால், ஆராய்ச்சியாளர் அடிச்சுவடு குறைவாகப் பதிந்த கல்வராயனின் சோலைகளை எண்ணிப் பாருங்கள். பட்டியலில் ஏறுமுன்பே ஒரு ஜீவன் மறைந்துபோனால், அதற்காக வழக்குத் தொடுக்கவும் ஆளில்லை, வருத்தப்படவும் ஆளில்லை.

சட்டமும் சர்க்காரும் இவ்விரு மலைத்தொடர்களையும் சமமாக நடத்தவில்லை என்பதே நமது முக்கியமான முறையீடு. மேற்குமலைக்கு மாதவ காட்கில் தலைமையில் 2010-இல் நிபுணர் குழு அமைந்தது. 2011-இல் அறிக்கை வந்தது. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை வந்தது. அவ்வறிக்கைகள் எதிர்ப்பில் சிக்கி, வரைவு அறிவிப்பின்மேல் வரைவு அறிவிப்பாக இழுத்தடிக்கப்பட்டது வேறு விஷயம். விவாதமாவது நடந்தது, வரைபடமாவது பிறந்தது. 2012-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மேற்குமலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது. கிழக்குமலைக்கு இத்தகைய முழுமையான பரிசீலனையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. அங்கே மலையைக் கண்டால் கனிப்பொருள் இலாகாவின் கண்ணுக்கு பாக்சைட் தெரிகிறது. உல்லாசப் பிரயாண இலாகாவின் கண்ணுக்குப் படகுத்துறை தெரிகிறது. மலைச்சோலை ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. மேற்குமலைக்குப் பெயரும் புகழும் உண்டு. கிழக்குமலைக்குத் தாகம் தீர்க்கும் கடமை மட்டும் உண்டு.

தவளையால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்டுகிறோம். சுதந்திரம் வந்த பின்னும் பல ஆண்டுகள் நமது தேசம் வயல்தவளைகளைப் பிடித்து, கால்களை வெட்டி, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விருந்துணவாக ஆயிரக்கணக்கான டன் ஏற்றுமதி செய்துவந்தது. கிடைத்த அந்நியச் செலாவணியைக் கண்டு அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். தவளை தின்றுவந்த பூச்சிகள் வயலில் பெருகின. அவற்றைக் கொல்ல மருந்து வாங்கினோம். அம்மருந்து எஞ்சிய தவளைகளையும் கொன்றது. கூலி வாங்காமல் இராக்காவல் புரிந்தவனை விற்றுவிட்டு, காசுகொடுத்து விஷத்தை வாங்கினோம். கடைசியில் 1987-இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பது நம் பழமொழி. இங்கே அது அயலான் வாய்க்காகக் கெட்டது. வயல்தவளைக்கு வந்த புத்தி மலைத்தவளைக்கும் வருவதற்கு இன்னொரு நஷ்டக்கணக்கு வேண்டுமா?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபத்தைக் கவனிக்கவேண்டும். தவளையைக் காப்பதென்று கிளம்பினால் காட்டிலாகா வேலி போடும், மலையாளிகள் என்று பெயர்பெற்ற அம்மலைக்குடிகள் விரட்டப்படுவார்கள், முன்பே ஏழைகளான அவர்களுக்கு இன்னொரு தண்டனை விதிக்கப்படும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதே, நாமும் அதனைப் பகிர்ந்துகொள்கிறோம். கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டுவந்தார்கள். தேசம் விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்த பிறகு, 1976-ஆம் ஆண்டில்தான் அது சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. பட்டாவும் பாதையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கே தாமதமாகவே எட்டின. மரவள்ளிக் கிழங்கைப் பயிரிட்டு, ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்பிப் பிழைக்கும் குடியானவனிடம் போய், உன் கொல்லையைவிடத் தவளை பெரிது என்று சொல்வது தர்மமுமாகாது, தந்திரமுமாகாது. ஆனால் சரிவில் கிழங்கு தோண்டும்போது மண் இளகி மழையோடு ஓடுகிறது என்பதும், ஓடியது அவனுடைய சொந்த மண்ணே என்பதும் அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சோலை அழிந்தால் முதலில் வற்றுவது அவனுடைய ஊற்று. கச்சிராயபாளையத்து மதகு அதற்குப் பிறகே வற்றும்.

அன்றியும், சட்டம் இவ்விரண்டு நன்மைகளையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். அதன் மூன்றாவது பிரிவு சமுதாயக் காட்டு வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் குடிகளுக்கு உரிமை அளிக்கிறது. ஐந்தாவது பிரிவு நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீர்நிலைகளையும் நொய்ந்த இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் இதற்குத் துணைநிற்பது. உள்ளூர் ஸ்தாபனம்தோறும் ஒரு நிர்வாகக் கமிட்டி அமையவேண்டும் என்பது அதன் 41-ஆவது பிரிவு. அருமையான இடங்களை உள்ளூராரைக் கலந்து பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம் என்பது 37-ஆவது பிரிவு. அதனால் பொருள் நஷ்டமடைவோருக்கு ஈடுசெய்யும் ஏற்பாடும் அப்பிரிவிலேயே இருக்கிறது. இது காகிதச் சட்டமன்று. 2022-இல் மதுரை ஜில்லா அரிட்டாபட்டி இப்பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். சமவெளிக் குன்றுக்குச் செய்யக்கூடியதை நதி பிறக்கும் மலைக்குச் செய்யக்கூடாதா? ஆயுதம் உறையில் இருக்கிறது. உருவுவதற்குக் கைதான் காணோம்.

ஆகவே நாம் வற்புறுத்துவது நான்கு காரியங்கள். முதலாவது, கல்வராயனின் ஓடைத்தலைகளையும் சோலைகளையும் மழைக்கால இரவுகளில் நேரில் சென்று ஆராயவேண்டும். தவளை கூவுவது இரவிலும் மழையிலுமேயாதலால் பகலில் ஜீப்பில் சுற்றிவந்து எழுதும் அறிக்கை உதவாது. சேலத்துப் பெரியார் சர்வகலாசாலையும் சிதம்பரம் அண்ணாமலைச் சர்வகலாசாலையும் அருகிலேயே இருக்கின்றன. மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. இரண்டாவது, மலைக்கிராமங்களின் கமிட்டிகள் தங்கள் எல்லையிலுள்ள ஊற்று, ஓடை, குட்டை, சோலை, அங்கு வாழும் ஜந்துக்கள் எல்லாவற்றையும் தங்கள் பேச்சிலேயே பதிவேட்டில் எழுதவேண்டும். பதிவேடு நிரப்பப்பட்டதென்று கணக்குக் காட்டுவதற்காகச் சமவெளி ஆபீசில் ஒருவர் உட்கார்ந்து எழுதும் வழக்கம் ஒழியவேண்டும். மூன்றாவது, அவ்வாறு குறிக்கப்பட்ட ஓடைத்தலைகளில் பாதை போடுவதாயினும் கட்டிடம் எழுப்புவதாயினும் கிராம சபையின் சம்மதமின்றி நடைபெறலாகாது. அங்கே காவல்வேலை ஏற்படுமாயின் அதன் சம்பளம் மலைக்குடிகளின் பிள்ளைகளுக்கே சேரவேண்டும். நான்காவது, கிழக்குமலை முழுவதையும் ஒன்றாக எடுத்து ஆராய மேற்குமலைக்கு அமைந்ததுபோன்ற ஒரு குழுவை அமைக்கவேண்டும். அதில் மலைவாசிகளின் பிரதிநிதிகள் சரிசமமாக அமரவேண்டும்.

இவற்றிற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் ஆபீசு விழுப்புரத்திலிருந்து மலையடிவாரத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. தூரம் என்ற சாக்கு இனிச் செல்லாது. புலிக்கும் யானைக்கும் கணக்கெடுப்பு நடத்தி அறிக்கை வெளியிடும் சர்க்காருக்கு, கட்டைவிரலளவுள்ள தவளையின் குரலைக் குறித்துக்கொள்வதும் கைகூடும்.

சமவெளி ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. மலையை ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்கு மட்டும் நாடுகிறோம். அருவிக்கரையில் பிளாஸ்டிக் பையையும் கண்ணாடிச் சீசாவையும் விட்டுவிட்டு இறங்குகிறோம். கோமுகிப் பாசனத்து விவசாயச் சங்கங்கள் மதகு திறக்கும் நாளுக்காக மனுக்கொடுப்பதோடு நில்லாமல், அந்த நீர் பிறக்கும் சோலைக்காகவும் ஒரு மனுக்கொடுக்கட்டும். அரசியல் ஊழியர்கள் வாக்குக் கேட்க மலையேறும்போது, சாலையும் விளக்கும் தருவதாகச் சொல்வதோடு, ஓடைத்தலையைக் காக்கும் உரிமையை உங்களுக்கே வாங்கித்தருவோம் என்றும் சொல்லட்டும். சொன்னதைச் சட்டசபையில் கேள்வியாகவும் எழுப்பட்டும். மலைக்குடியின் உரிமை, சோலையின் ஈரம், கழனியின் பாசனம் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அவற்றில் ஒன்று அறுந்தால் மற்றவை நிலைக்கமாட்டா. மரத்தவளை அடங்கிப்போன மலையில் ஓடையும் அடங்கிப்போகும் நாள் வெகுதூரத்தில் இல்லை என்பதை உணர்ந்து, கள்ளக்குறிச்சி ஜில்லாவாசிகள் இப்போதே விழித்துக்கொள்வார்களாக.